கொட்டகையும் பசுமைக்குடிலும் ஒரே கூரையின் கீழ்: முதலில் நடுச்சுவரை யோசியுங்கள்

கேள்வி இதுதான்: தோட்டம் 5 மீட்டருக்கு 7 மீட்டர். மண்வெட்டி, கத்தரி, உரமூட்டை, தள்ளுவண்டி வைக்க ஒரு கொட்டகை வேண்டும். நாற்று விடவும் தக்காளி, மிளகாய் வளர்க்கவும் ஒரு பசுமைக்குடில் வேண்டும். இரண்டையும் தனித்தனியாக வைத்தால் செடி நட இடம் மிஞ்சாது. சேர்த்துக் கட்டலாமா, கட்டினால் எப்படி?

தாராளமாகக் கட்டலாம். அஸ்திவாரம் ஒன்று, சுவர் ஒன்று குறைவு, கட்டடங்களுக்கு இடையே வீணாகும் சந்தும் இல்லை. ஆனால் கட்ட நினைப்பவர்கள் கண்ணாடி எந்தப் பக்கம், கூரை எந்த வடிவம் என்று தொடங்கி, இரண்டு அறைக்கும் நடுவில் நிற்கும் தடுப்பைக் கடைசியில் ஒரு பிளைவுட் பலகையால் அடைத்து முடித்துவிடுகிறார்கள். இந்தக் கட்டடம் பத்து ஆண்டு நிற்குமா, மூன்றே ஆண்டில் உளுத்துப்போகுமா என்பதை அந்தத் தடுப்புதான் தீர்மானிக்கும்.

காரணம் ஈரம். செடிக்கு ஊற்றும் தண்ணீரில் பெரும்பகுதி இலை வழியாக ஆவியாகிக் காற்றில்தான் சேர்கிறது. 25 டிகிரி செல்சியஸ் வெப்பமும் 80 சதவீத ஈரப்பதமும் உள்ள குடில் காற்றில் ஒரு கன மீட்டருக்கு 18 கிராம் நீராவி இருக்கும். அந்தக் காற்று 21 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பைத் தொட்டாலும் அங்கே துளி துளியாக நீர் படியும். கொட்டகை வெயில் படாத அறை; அதிலுள்ள இரும்பு இரவு முழுக்கக் குளிர்ந்து கிடக்கும். 15 டிகிரியில் காற்றால் 13 கிராம் ஆவியைத்தான் தாங்க முடியும். மீதி 5 கிராம் உங்கள் அரிவாளிலும் ரம்பத்திலும் கூரைத் தகரத்தின் அடியிலும் இறங்கும். கதவு இடுக்கு வழியாக இது தினமும் நடந்தால் கருவி துருப்பிடிக்கும், உரம் கட்டிதட்டும், சிமென்ட் மூட்டை கல்லாகும். கூரை ஒழுகுகிறது என்று நினைத்து மேலே சிலிகான் பூசுபவர்களில் பலருக்கு உண்மையான சிக்கல் உள்ளே இருந்து வரும் இந்த ஈரம்தான்.

இட அமைப்பு

5 × 7 மீட்டர் தோட்டத்தில் 2.4 மீட்டர் அகலமும் 3.6 மீட்டர் நீளமும் உள்ள கட்டடம் நிலத்தில் நாலில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். அதற்கு மேல் போக வேண்டாம். இரண்டு பக்கமும் 60 செ.மீ. அகல மேடை, நடுவே 70 செ.மீ. நடை என்றால் குடிலின் உள் அகலம் 1.9 மீட்டர் வேண்டும். 2.4 மீட்டரில் இது வசதியாக அடங்கும். ஒரு பக்கம் மேடைக்குப் பதிலாக 90 செ.மீ. பாத்தியே போடலாம். மேடையின் உயரம் 75 முதல் 85 செ.மீ. வரை.

கொட்டகைக்கு எவ்வளவு? வழக்கமாக 1.4 மீட்டர் ஆழத்தில் ஓர் அறை ஒதுக்கி, உள்ளே நுழைய ஒரு கதவு வைப்பார்கள். அந்த அறையில் பாதித் தரை மனிதர் நின்று திரும்புவதற்கே போய்விடும். சிறிய தோட்டத்துக்கு என் பரிந்துரை வேறு: கொட்டகையை நுழையும் அறையாகக் கட்டாமல், வெளிப்பக்கம் திறக்கும் பெரிய அலமாரியாகக் கட்டுங்கள். 75 செ.மீ. ஆழம், 2.4 மீட்டர் அகலம். நிற்கும் இடம் வெளியே தோட்டத்திலேயே இருக்கிறது. நீளக்கம்புக் கருவிகள் பின்சுவரில் தொங்கும், தள்ளுவண்டியை நிமிர்த்திச் சாய்க்கலாம், மூட்டைகள் தரையிலிருந்து 10 செ.மீ. உயர்ந்த சட்டத்தின் மேல் இருக்கும். 1.4 மீட்டர் அறை கொள்ளும் அளவு கிட்டத்தட்ட இதிலும் கொள்ளும். குடிலுக்கு 2.7 மீட்டர் நீளம் கிடைத்துவிடும்.

கதவை மட்டும் கவனியுங்கள். 1.2 மீட்டர் அகலத்தில் இரண்டு கதவு போட்டால் ஓரிரு மழைக்காலத்தில் கீலிலிருந்து தொய்ந்து தரையை உரசும். 80 செ.மீ. கதவு இரண்டு, இருபுறமும் 40 செ.மீ. நிலையான பலகை என்று பிரித்தால் தொய்வு வராது. ஒவ்வொரு கதவுக்கும் மூன்று கீல். குறுக்குச் சட்டம் கீழ்க்கீலிலிருந்து எதிர் மேல்மூலைக்குப் போக வேண்டும். திசை மாற்றி அடித்தால் அது எடையைத் தாங்காது.

உட்கார்ந்து வேலை செய்ய, மண்கலவை கலக்க உள்ளறை வேண்டும் என்பவர்கள் மட்டும் 1.4 மீட்டர் அறைக்குப் போகலாம். அப்போதும் கொட்டகைக்கு வெளியிலிருந்தே தனிக் கதவு வையுங்கள். குடில் வழியாகத்தான் கொட்டகைக்குள் போக முடியும் என்றால் கருவி எடுக்கும் ஒவ்வொரு தடவையும் ஈரக்காற்று உடன் வரும். தள்ளுவண்டியும் நாற்றுத் தட்டுகளை இடிக்கும். இன்னொன்று: கட்டடத்துக்கும் வேலிக்கும் நடுவே 60 செ.மீ. விடுங்கள். கூரை வாய்க்காலைச் சுத்தம் செய்ய, கூரைத் தாள் மாற்ற ஆள் போக வேண்டும். எல்லைக் கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளிக் கட்ட வேண்டும் என்பது ஊருக்கு ஊர் மாறும், அதை முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள்.

எந்தப் பக்கம் எது

கிழக்கு மேற்காக நீளம், மேற்கு முனையில் கொட்டகை. குளிர்நாட்டுக்கும் வெப்பநாட்டுக்கும் ஒருசேரப் பொருந்துவது இந்த அமைப்புதான். குளிர்நாட்டில் மதிப்பு காலை வெயிலுக்கு. இரவின் ஈரத்தை இலையிலிருந்து உலர்த்துவது அதுதான். வெப்பநாட்டில் செடியைக் கருக்குவது பிற்பகல் மேற்கு வெயில். அதைக் கொட்டகை மறைத்துக்கொள்ளும்.

பக்கத்துச் சுவர் நிழல் விழுமா என்று பார்க்க எளிய கணக்கு உண்டு. குளிர்காலத்தின் மிகக் குறுகிய பகலில் உச்சி வேளைச் சூரியனின் உயரம் = 90 − உங்கள் அட்சரேகை − 23.5 டிகிரி. 50 டிகிரி அட்சரேகையில் அது 16.5 டிகிரிதான், 2.3 மீட்டர் சுவர் உச்சி வேளையிலேயே 7.8 மீட்டர் நிழல் போடும், அதாவது தோட்டம் முழுவதும் நிழல். 10 டிகிரி அட்சரேகையில் அதே சுவரின் நிழல் 1.5 மீட்டர். ஆகவே துருவத்துக்கு அருகே போகப் போகக் கட்டடத்தின் இடம் மிக முக்கியம். நிலநடுக்கோட்டுக்கு அருகே காற்றோட்டம்தான் முக்கியம், திசை அடுத்தது.

தளம்

நாலு மூலையும் சரியா என்று மூலைவிட்டத்தை அளந்து பாருங்கள்: 2.4 × 3.6 மீட்டருக்கு இரண்டும் 4.327 மீட்டர் வர வேண்டும். 5 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் மரத்தில் சரிக்கட்டலாம், குடிலுக்குக் கண்ணாடிக்குப் பதில் போடும் பாலிகார்பனேட் என்ற ஒளி புகும் பிளாஸ்டிக் தாளில் முடியாது. கடைசித் தாள் ஒரு முனையில் பொருந்தி மறுமுனையில் இளிக்கும்.

கொட்டகைப் பகுதிக்கு மட்டும் 10 செ.மீ. கான்கிரீட், அதன் அடியில் தடித்த பாலித்தீன் விரிப்பு. அலமாரி அமைப்பில் இது 0.2 கன மீட்டர்தான், கையாலேயே கலந்துவிடலாம். குடில் பகுதிக்குச் சுற்றிலும் கான்கிரீட் விளிம்பு, நடுநடையில் கல், மற்ற இடத்தில் ஜல்லியோ திறந்த மண்ணோ போதும். கொட்டகைத் தரை குடில் தரையை விட 5 செ.மீ. உயரமாக இருக்க வேண்டும். குடிலின் நடை மீட்டருக்கு 12 மி.மீ. வீதம் கொட்டகைக்கு எதிர்த்திசையில் சரிய வேண்டும். இதைத் தலைகீழாகச் செய்துவிட்டால் ஒவ்வொரு முறை தண்ணீர் ஊற்றும்போதும் அது தடுப்பின் அடியில்தான் போய் நிற்கும்.

மரச்சட்டம் எதுவும் மண்ணைத் தொடக் கூடாது. தரைமட்டத்திலிருந்து 15 செ.மீ. செங்கல் வரிசை, அதன் மேல் ஈரத்தடுப்புத் தாள், அதன் மேல் அடிச்சட்டம். அடிச்சட்டத்தை மீட்டருக்கு ஒன்றாகவும் ஒவ்வொரு மூலையிலிருந்தும் 30 செ.மீ.க்குள் ஒன்றாகவும் 12 மி.மீ. ஆங்கர் போல்ட்டால் கான்கிரீட் வரை இறக்கிப் பூட்டுங்கள். 10 மி.மீ. இரட்டைச் சுவர்ப் பாலிகார்பனேட் (இரண்டு படலம், நடுவே குழல்கள்) ஒரு சதுர மீட்டருக்கு 1.7 கிலோதான், 4 மி.மீ. கண்ணாடி 10 கிலோ. லேசான கூரையைக் காற்று அழுத்தி உடைப்பது குறைவு, கதவு வழியே புகுந்து மேலே தூக்குவதுதான் வழக்கம்.

தடுப்புச் சுவர்

குடில் பக்கத்திலிருந்து கொட்டகை நோக்கி அடுக்குகளின் வரிசை: வெள்ளை பூசிய 8 மி.மீ. சிமென்ட் ஃபைபர் போர்டு, 200 மைக்ரான் பாலித்தீன், 60 செ.மீ. இடைவெளியில் நிற்கும் மரச்சட்டங்கள், அவற்றின் நடுவே 5 செ.மீ. தெர்மகோல் அல்லது ஃபோம் பலகை. கடைசியாக 12 மி.மீ. பிளைவுட். ஆவியைத் தடுக்கும் பாலித்தீன் ஈரம் வருகிற பக்கத்தில், அதாவது குடில் பக்கத்தில்தான் இருக்க வேண்டும். கொட்டகைப் பக்கம் போட்டால் ஈரம் சுவருக்குள் புகுந்து, வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கிச் சட்டத்தை உளுக்கச் செய்யும். ஒட்டு வரும் இடத்தில் பாலித்தீனை 15 செ.மீ. ஒன்றன் மேல் ஒன்றாக விட்டு டேப் ஒட்டுங்கள். குடில் பக்கத்தில் சாதாரணப் பிளைவுட் கூடாது, ஏடு ஏடாகப் பிரிந்துவிடும். வெள்ளைப் பூச்சு அழகுக்கு மட்டுமல்ல. பின்னால் நிற்கும் செடிகளுக்கு வெளிச்சத்தைத் திருப்பிக் கொடுக்கும். கொட்டகைப் பக்கத்துப் பிளைவுட்டில் கருவி மாட்டத் திருகாணி எங்கும் அடிக்கலாம், ஆனால் நீளம் பார்த்து அடியுங்கள், பாலித்தீனைத் துளைக்கக் கூடாது.

தடுப்பு எங்கே முடிகிறது என்பதும் கேள்வி. பலர் பக்கச்சுவரின் உயரத்தோடு நிறுத்திவிட்டு மேலே முக்கோணமாக ஓர் இடைவெளியை விட்டுவிடுகிறார்கள். சூடான ஈரக்காற்று மேலேதான் நிற்கும். அந்த இடைவெளி போதும், மற்ற எல்லா வேலையும் வீண். தடுப்பு கூரையின் அடிவரை போக வேண்டும். நெளித்தகரக் கூரை என்றால் நெளிவுகளின் அடியிலும் காற்று போகும். அதே நெளிவுக்கு வெட்டிய ஃபோம் பட்டையை வைத்து அடையுங்கள்.

உள்ளே ஒரு கதவு வேண்டுமே என்று தோன்றும். வேண்டாம் என்பதே என் பதில். கட்டாயம் என்றால் முழுப்பலகைக் கதவு, சுற்றிலும் ரப்பர் பட்டை, 3 செ.மீ. உயர வாசற்படி, தானாக மூடும் ஸ்பிரிங்.

கூரை

இரண்டு பகுதிக்கும் ஒரே சரிவு, அகலவாக்கில். உயர்ந்த பக்கம் 2.5 மீட்டர், தாழ்ந்த பக்கம் 2.0 மீட்டர் என்றால் 12 டிகிரி சரிவு கிடைக்கும். பாலிகார்பனேட்டை 5 டிகிரியிலும் போடலாம் என்பார்கள். மழைநீர் ஓடத்தான் செய்யும், ஆனால் அடியில் படியும் துளிகள் ஓரத்துக்கு வழியாமல் நேரே நாற்றின் தலையில் சொட்டும், பூஞ்சை வரும். பனி பொழியும் இடத்தில் சரிவை இன்னும் கூட்ட வேண்டும். அங்கே தாழ்ந்த பக்கம் சூரியனைப் பார்க்கட்டும், சாய்ந்த குளிர்கால வெயில் கூரை வழியாகவும் உள்ளே இறங்கும்.

இந்த அமைப்பில் ஒரு மறைமுக நன்மை உண்டு. கொட்டகைத் தகரமும் குடிலின் பாலிகார்பனேட்டும் சந்திக்கும் கோடு தடுப்புக்கு நேர் மேலே, சரிவின் போக்கிலேயே இறங்குகிறது. தண்ணீர் அந்தக் கோட்டைக் கடக்காமல் அதன் பக்கத்திலேயே ஓடிவிடும். இருபுறமும் 15 செ.மீ. மூடும் மடிப்புத் தகடு ஒன்று போதும். அந்தத் தகட்டைத் தகரப் பக்கம் மட்டும் திருகுங்கள். பாலிகார்பனேட் பக்கம் அது ரப்பர் பட்டையின் மேல் வழுக்கட்டும். 2 மீட்டர் பாலிகார்பனேட் 40 டிகிரி வெப்ப மாற்றத்தில் 5 மி.மீ. நீளும். இரண்டையும் இறுக்கினால் ஒரே கோடையில் ஓட்டை நீள்வட்டமாகிவிடும்.

கொட்டகைத் தகரத்தின் அடியில் ஃபோம் விரிப்போ பலகையோ ஒட்டுங்கள். தெளிந்த இரவில் வெறும் தகரம் சுற்றியுள்ள காற்றை விடவும் குளிர்ந்துவிடும், தடுப்பு எவ்வளவு நன்றாக இருந்தாலும் அடியில் வியர்க்கும்.

பாலிகார்பனேட்டில் கெடுவது எங்கே

தாளின் அகலத்தைக் கேட்டுக்கொண்ட பிறகுதான் கைமரத்தின் இடைவெளியைத் தீர்மானிக்க வேண்டும். ஒட்டு எப்போதும் மரத்தின் மேல் வர வேண்டும். தாளுக்குள் ஓடும் குழல்கள் சரிவின் திசையில் இருக்கட்டும். மேல் முனையை அலுமினிய டேப்பால் முழுக்க அடைத்து, கீழ் முனையைக் காற்றுப்போகும் துளை டேப்பால் மூடுங்கள். இரண்டையும் அடைத்தால் உள்ளே நீர் தேங்கிப் பாசி பிடிக்கும், இரண்டையும் திறந்து விட்டால் எறும்பு குடியேறும். புற ஊதாக் கதிரைத் தாங்கும் பூச்சு பெரும்பாலும் ஒரு பக்கத்தில் மட்டுமே இருக்கும். எழுத்து அச்சிட்ட உறை உள்ள பக்கம் வெளியே வர வேண்டும். உறையை உரித்தபின் எது எந்தப் பக்கம் என்று கண்ணுக்குத் தெரியாது, ஓரத்தில் ஒரு பென்சில் குறி வைத்துக்கொள்ளுங்கள். தலைகீழாகப் போட்ட தாள் சில ஆண்டுகளில் மஞ்சளாகி நொறுங்கும்.

துளை திருகாணியை விட 3 மி.மீ. பெரிதாக இருக்கட்டும். வாஷர் இ.பி.டி.எம். என்ற வெயில் தாங்கும் செயற்கை ரப்பரில் இருக்கட்டும், மென்மையான பி.வி.சி. வாஷரிலிருந்து கசியும் பொருள் பாலிகார்பனேட்டை வெடிக்க வைக்கும். சிலிகான் போடுவதானால் புளித்த காடி வாசனை அடிக்காத நியூட்ரல் வகையை வாங்குங்கள்.

கண்ணாடியா இதுவா என்றால், 4 மி.மீ. கண்ணாடி 90 சதவீத வெளிச்சத்தை விடும், 10 மி.மீ. இரட்டைச் சுவர்த் தாள் 80 சதவீதம். ஆனால் வெப்ப இழப்பில் ஒற்றைக் கண்ணாடி ஏறக்குறைய இரு மடங்கு. கருவி புழங்கும் இடத்துக்கு அருகில் உடையாத பொருளே நல்லது.

காற்று

கூரைச் சாளரங்களின் மொத்தப் பரப்பு குடில் தரையில் 15 முதல் 20 சதவீதம் வேண்டும். 2.4 × 2.7 மீட்டர் குடிலுக்கு அது 1 முதல் 1.3 சதுர மீட்டர். 60 × 90 செ.மீ. அளவில் இரண்டு சாளரம் வைத்தால் சரியாக இருக்கும். அவை உயர்ந்த பக்கத்தில் இருக்கட்டும், எதிர்ச் சுவரின் அடியில் வலை அடித்த காற்றுவழி இருக்கட்டும். உயர வித்தியாசம்தான் காற்றை இழுக்கும். இரண்டும் ஒரே மட்டத்தில் இருந்தால் காற்று அடிக்காத நாளில் எதுவும் நகராது. மெழுகு உருளையால் இயங்கும் தானியங்கித் திறப்பான் மின்சாரம் இல்லாமலே வேலை செய்யும். ஆனால் மெழுகு சூடாகி விரிய நேரம் எடுக்கும் என்பதால் திடீர் வெயிலுக்கு அது தாமதம்தான். புயல் எச்சரிக்கை வந்தால் கழற்றிச் சாளரத்தைக் கையால் பூட்டிவிடுங்கள்.

பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் தக்காளி பூத்துக் கொட்டும், காய் பிடிக்காது. 50 சதவீத நிழல்வலையைக் கூரைக்கு வெளியே, 15 செ.மீ. இடைவெளி விட்டுக் கட்டுங்கள். உள்ளே கட்டினால் வெயில் ஏற்கெனவே நுழைந்துவிட்டது. வலை சூடாகி அந்தச் சூட்டைக் குடிலுக்குள்ளேயே விடும்.

கொட்டகைக்கும் தனிக் காற்றுவழி வேண்டும்: கீழே ஒன்று, எதிர்ப்பக்கம் மேலே ஒன்று, 15 செ.மீ. சதுரத்தில், வலையோடு, வெளிக்காற்றை நோக்கி. குடிலை நோக்கி ஒருபோதும் வேண்டாம்.

குளிர் இரவுகள்

குடிலுக்குள் 200 லிட்டர் தண்ணீர்ப் பீப்பாய் வைத்தால் இரவு முழுக்கச் சூடு காக்கும் என்று சொல்வதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். அந்தத் தண்ணீர் 10 டிகிரி குளிரும்போது 2.3 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான சூட்டைத் தரும். 18 சதுர மீட்டர் இரட்டைச் சுவர்த் தாள் போட்ட குடில், வெளியை விட 10 டிகிரி சூடாக இருக்க மணிக்கு அரை யூனிட்டுக்கு மேல் இழக்கிறது. ஆக நாலு மணி நேரம். ஒற்றைக் கண்ணாடியானால் இரண்டே மணி நேரம். உறைபனியின் விளிம்பில் நிற்கும் இரவுக்கு உதவும், கடுங்குளிருக்குப் போதாது. புகைபோக்கி இல்லாத எரிவாயு அடுப்பு வேண்டவே வேண்டாம்: 1 கிலோ புரொப்பேன் எரிந்தால் 1.6 கிலோ நீராவி உள்ளே சேரும்.

அந்தப் பீப்பாயை நிரப்பக் கூரையே போதும். 8.6 சதுர மீட்டர் கூரையில் 25 மி.மீ. மழை பெய்தால் 200 லிட்டருக்கு மேல் வரும். வழியும் நீரைக் குழாய் போட்டு அஸ்திவாரத்திலிருந்து தள்ளி விடுங்கள், பீப்பாயின் வாய்க்குக் கொசுவலை கட்டுங்கள்.

கொட்டகையில் வைக்கக் கூடாதவை

இதைப் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. 2,4-டி போன்ற களைக்கொல்லியின் ஆவி பட்டாலே தக்காளியின் இலை சுருண்டு நார்போல நீளும். மூடி தளர்ந்த ஒரு குப்பி தடுப்புக்கு அந்தப்புறம் இருந்தாலும் போதும். வைரஸ் நோய் என்று நினைத்துச் செடியைப் பிடுங்குவீர்கள். களைக்கொல்லி இந்தக் கட்டடத்திலேயே இருக்க வேண்டாம். பழுக்கும் ஆப்பிள், வாழை போன்றவையும் கூடாது, அவை விடும் எத்திலீன் பூவையும் மொட்டையும் உதிர்க்கும். பெட்ரோல் ஆவி காற்றை விடக் கனமானது, தரையோடு படரும். மின் இணைப்பு உள்ள மூடிய அறையில் கேன் வைக்காதீர்கள். விதைகளுக்குக் குளிர்ச்சியும் வறட்சியும் வேண்டும், வீட்டுக்குள் வையுங்கள்.

மின்சாரம் இழுப்பதானால் சுவிட்சுப் பலகை கொட்டகைப் பக்கம் இருக்கட்டும், 30 மில்லி ஆம்பியர் கசிவில் துண்டிக்கும் பாதுகாப்புச் சுவிட்சோடு. குடிலுக்குள் போகும் விளக்கும் பிளக்கும் நீர்த்தாரை பட்டாலும் தாங்கும் ஐ.பி. 65 தரத்தில் வேண்டும். தடுப்பில் ஒயர் போகும் துளையை ஃபோம் விட்டு அடைக்க மறக்காதீர்கள், ஈரக்காற்று அதன் வழியாகச் சுவிட்சுப் பெட்டிக்கே போய்ச் சேரும். ஒயரைத் துளைக்குள் நுழைக்குமுன் குடில் பக்கம் கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டால் அதில் வழியும் துளிகள் வளைவின் அடியிலேயே சொட்டிவிடும்.